இறங்கும் கோடும் ஏறும் கோடும்: பின்லாந்து, இந்தோனேசியக் கடதாசி ஏற்றுமதியை ஒப்பிடுவது எப்படி?

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசியும் மையும் இல்லை என்பதே காரணம். அதே மாதம் கொழும்பில் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நின்றது. அதற்கு முன்பு கடதாசி எங்கிருந்து வருகிறது என்று இந்த நகரத்தில் கேட்டவர்கள் குறைவு. இன்று ஜனவரியில் கொப்பி வாங்கப் புறக்கோட்டைக்குப் போகும் பெற்றோர்கூட அதைக் கேட்கிறார்கள்.

பதில் தேடிப் போனால் வழக்கமாக எதிர்ப்படுவது ஒரு வரைபடம். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். பின்லாந்தின் கடதாசி ஏற்றுமதி இறங்கும். இந்தோனேசியாவின் ஏற்றுமதி ஏறும். பார்த்த கையோடு 'பின்லாந்தின் சந்தையை இந்தோனேசியா பிடித்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவோம். அந்த முடிவு பெரும்பாலும் பிழை. கோடுகள் பொய் சொல்லவில்லை. அவை எதை அளக்கின்றன என்று நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில், 'கடதாசி' என்றால் எது?

உலகச் சுங்கத் திணைக்களங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இலக்க முறையைப் பின்பற்றுகின்றன. 1988 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையை எச்எஸ் குறியீடு என்பார்கள். மரத்தில் தொடங்கிப் புத்தகத்தில் முடியும் பொருள்களை இது அடுத்தடுத்த அத்தியாயங்களில் பிரித்து வைக்கிறது.

1. அத்தியாயம் 47: கூழ். மரத்தை அவித்தோ அரைத்தோ எடுக்கும் நார். பழைய கடதாசிக் கழிவும் இதற்குள்தான் (4707).
2. அத்தியாயம் 48: கடதாசியும் அட்டையும், அவற்றால் செய்த பொருள்களும். பத்திரிகைக் கடதாசி 4801, எழுதவும் அச்சடிக்கவும் பயன்படும் பூச்சில்லாத தாள் 4802, பழுப்பு நிறக் கிராஃப்ட் தாள் 4804, பூச்சுப் பூசிய வழவழப்புத் தாள் 4810, பெட்டிகளும் பைகளும் 4819, கொப்பிகள் 4820.
3. அத்தியாயம் 49: அச்சடித்த புத்தகம், பத்திரிகை, படம்.

'கடதாசியும் அட்டையும்' என்று ஒரு வரைபடம் சொன்னால் அது அத்தியாயம் 48. ஒரே காட்டின் ஒரே மரம் கூழாகக் கப்பலேறினால் அது 47இல் விழும், தாளாக ஏறினால் 48இல், பாடநூலாக ஏறினால் 49இல். இலங்கைத் தேயிலையை அடைத்த அட்டைப்பெட்டி கொழும்புத் துறைமுகத்தைத் தாண்டும்போது அது கடதாசி ஏற்றுமதி ஆவதில்லை. பெட்டியின் பெறுமதி தேயிலையோடு தேயிலையாகப் போய்விடும். ஆகவே ஒரு நாடு மரத்தை எந்தக் கட்டத்தில் விற்கிறது என்பதே அதன் 'கடதாசிக் கோட்டை' உயர்த்தவோ தாழ்த்தவோ போதும். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அட்டை என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு எளிய சொல் இல்லை. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 225 கிராமுக்கு மேல் எடையிருந்தால் அட்டை என்பது பொது வழக்கு. ஆனால் கார்ட்போர்ட் பெட்டியின் நடுவே வளைந்து வளைந்து போகும் தாள் அதில் பாதி எடைகூட இல்லாமல் இருக்கலாம். தொழிலில் அதையும் அட்டைக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

டொலரில் பார்ப்பதா, தொன்னில் பார்ப்பதா?

வரைபடத்தின் இடது ஓரத்தில் 'மில்லியன் டொலர்' என்று இருந்தால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏற்றுமதிப் பெறுமதி என்பது எடையையும் விலையையும் பெருக்கி வந்த தொகை. கோடு ஏறியது கூடுதல் தாள் விற்றதாலா, தாளின் விலை கூடியதாலா என்பதை அது சொல்லாது.

தொன்னில் பார்த்தாலும் முழு உண்மை கிடைக்காது. கைக்கணக்காகவே பார்க்கலாம். ஏ4 தாள் சரியாக ஒரு சதுர மீற்றரின் பதினாறில் ஒரு பங்கு. 80 கிராம் தாளில் ஓர் ஏ4 ஐந்து கிராம் நிறுக்கும்; 500 தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ; ஒரு தொன்னில் 400 ரீம். அதையே 70 கிராம் தாளாகச் செய்தால் ஒரு தொன்னில் 457 ரீம் வரும். எழுதுகிறவருக்குத் தேவை பரப்பு. புள்ளிவிபரம் எண்ணுவது எடை. உலகம் மெல்லிய தாளுக்கு மாறினால், எழுதும் அளவு குறையாமலே தொன் குறையும். (புறக்கோட்டையில் ரீம் வாங்கும்போது 70ஆ 80ஆ என்று பார்க்காமல் விலையை மட்டும் கேட்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.)

டொலரில் இன்னொரு சிக்கல் நாணய மாற்று. பின்லாந்து தன் மார்க்கா நாணயத்தை 1957, 1967, 1991 எனப் பல தடவை மதிப்பிறக்கியது. 1992 செப்டெம்பரில் மிதக்கவும் விட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையிடமே விட்டது. ஒவ்வொரு தடவையும் ஆலைகளுக்கு உள்நாட்டு நாணயத்தில் வருமானம் கூடியது. டொலரில் அதே சரக்கு மலிவானது. ஒரே ஆண்டின் ஏற்றுமதி மார்க்காவில் ஏறுமுகம், டொலரில் இறங்குமுகம் என்று தெரிய இதுவே போதும். 1999இல் யூரோவுக்குள் போனபின் அந்தக் கதவு மூடிவிட்டது. பக்கத்துச் சுவீடன் குரோனாவை விடவில்லை. அங்குள்ள ஆலைகளுக்கு அந்த வசதி இன்றும் உண்டு.

இந்தோனேசியாவின் அதிர்ச்சி இன்னும் பெரிது. 1997 நடுப்பகுதியில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 2,400 ருப்பியா. 1998இல் அது 16,000ஐ எட்டிய நாள்களும் இருந்தன. உள்நாட்டில் வாங்க ஆளில்லை. விற்க முடியாத தாள் வெளிநாட்டுக்குத் திரும்பியது. மரம், கூலி எல்லாம் ருப்பியாவில், விற்பனை டொலரில். ஏற்றுமதியாளனுக்கு அதைவிட வாய்ப்பான காலம் வராது என்றுதான் தோன்றும். ஆனால் ஆலை கட்ட வாங்கிய கடனும் டொலரில் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

பின்லாந்து: காடு, கூட்டு விற்பனை, பிறகு கணினி

பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. அதில் பாதிக்கு மேல் அரசுடையதோ நிறுவனங்களுடையதோ அல்ல; சாதாரணக் குடும்பங்களுடையது. பைன், ஸ்புரூஸ், பேர்ச் என்று அங்கே வளரும் மரங்கள் வெட்டும் பருவத்துக்கு வர 60 முதல் 100 ஆண்டு எடுக்கும். பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டுகிற தொழில்.

நாட்டின் முதல் கடதாசி இயந்திரம் தம்பெரே நகரில் 1842இல் ஓடத் தொடங்கியது. நீண்ட காலம் பெரிய வாடிக்கையாளர் ரஷ்யப் பேரரசு. 1917இல் விடுதலை பெற்றதும் அந்தச் சந்தை அறுந்தது. மறு ஆண்டே ஆலைகள் சேர்ந்து 'பின்பப்' என்ற கூட்டு விற்பனைச் சங்கத்தை அமைத்து மேற்கு ஐரோப்பாவுக்குத் திரும்பின. ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய ஆலைகள் ஒரே வாயால் விலை பேசிய அந்த ஏற்பாடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1950களில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் மரமும் மரத்தால் ஆன பொருள்களும் கொண்டுவந்தன. தேயிலையைப் பெரிதும் நம்பியிருந்த இலங்கைக்கு இது விளங்காத கதை இல்லை.

1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் கூட்டு விற்பனைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது. நிறுவனங்கள் இணைந்து பெருத்தன. யுபிஎம்-கும்மனே 1996இல் இயங்கத் தொடங்கியது. சுவீடனின் ஸ்டோராவும் பின்லாந்தின் என்சோவும் 1998இல் ஒன்றாயின. உற்பத்தி கூடிக்கொண்டே போய் 2007இல் 14.3 மில்லியன் தொன்னைத் தொட்டது. ஐந்தரை மில்லியன் மக்கள் அவ்வளவையும் எழுதித் தீர்க்க முடியாது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி. அந்தக் காலத்தில் அத்தியாயம் 48இன் ஏற்றுமதி ஆண்டுக்கு 10 பில்லியன் டொலருக்கு மேல்.

பிறகு விழுந்தது. 2020இல் உற்பத்தி 8.2 மில்லியன் தொன்.

ஏன் விழுந்தது என்பதற்கு, அந்த 14 மில்லியன் தொன்னுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி சஞ்சிகைத் தாள், பத்திரிகைத் தாள், பட்டியல் நூல் அச்சடிக்கும் வழவழப்புத் தாள். வாங்கியவர்கள் ஜெர்மானிய, பிரித்தானிய, அமெரிக்கப் பதிப்பகத்தார். அந்த வாசகர்கள் திரைக்கு மாறியதும் தாளுக்குத் தேவை போயிற்று. ஆலைகள் வரிசையாக மூடின:

1. வொய்க்கா, 2006.
2. ஹாமினா நகரின் 'சும்மா' (Summa) ஆலை, 2008 ஜனவரி.
3. கைப்பொலா, 2020 இறுதி. பின்லாந்தில் பத்திரிகைத் தாள் செய்த கடைசி ஆலை இது.
4. கெமி நகரின் வெய்ற்சிலுவோத்தோ, 2021. இங்கே தாள் உற்பத்தி முற்றாக நின்றது.

இவற்றில் 'சும்மா' ஆலையின் கதை தனி. மூடிய அடுத்த ஆண்டே அதைக் கூகுள் வாங்கித் தரவு மையமாக்கியது. கடல் நீரை ஆலைக்குக் கொண்டுவந்த பழைய சுரங்கம் இப்போது கணினிகளைக் குளிரவைக்கிறது. பின்லாந்துத் தாளைத் தின்ற போட்டியாளர் இந்தோனேசியாவில் இல்லை, ஹாமினாவிலேயே குடியேறிவிட்டார் என்று சொன்னால் மிகையில்லை.

எல்லாம் அழியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியிருந்த அட்டை, 2020 அளவில் பாதியை நெருங்கியது. தாளாக்காமல் கூழாகவே விற்பதும் கூடியது. அனெகொஸ்கியில் 2017இல் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 1.3 மில்லியன் தொன் கூழ் செய்யக்கூடியது; 2023இல் கெமியில் திறந்தது 1.5 மில்லியன். இந்தக் கூழில் கணிசமான பகுதி சீனாவுக்குப் போய் அங்கே தாளாகிறது. அத்தியாயம் 48இல் பின்லாந்து இழந்ததில் ஒரு பங்கு 47இல் போய் உட்கார்ந்திருக்கிறது. 48ஐ மட்டும் வரைந்தால் அது கண்ணில் படாது.

இந்தோனேசியா: ஐந்தாறு ஆண்டில் வளரும் மரம்

இந்தோனேசியாவின் கதை சுமாத்திராத் தீவில், குறிப்பாக ரியாவு மாகாணத்தில் நடக்கிறது. வெட்டிய மரத்தைச் சீவாமல் ஏற்றுமதி செய்வதை அரசு 1985இல் தடைசெய்தது. நோக்கம் ஒட்டுப்பலகைத் தொழில். உள்நாட்டில் மரம் மலிந்ததும் கூழ் ஆலைகளும் பின்னால் வந்தன. நிலம் அரசின் குத்தகை. இயற்கைக் காட்டை வெட்டிக் கூழாக்கினார்கள், வெட்டிய இடத்தில் அக்கேசியா நட்டார்கள். நிலநடுக்கோட்டு வெயிலிலும் மழையிலும் அக்கேசியா ஐந்தாறு ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும். பின்லாந்துக்காரர் ஒரு மரத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் இங்கே பத்துப் பன்னிரண்டு அறுவடை. செலவு வேறுபாட்டின் வேர் இதுதான்; கூலி இரண்டாம் பட்சம்.

1990இல் நாட்டின் கடதாசி, அட்டை உற்பத்தி ஏறத்தாழ ஒன்றரை மில்லியன் தொன். 2010 அளவில் அது பத்து மில்லியனைச் சுற்றி வந்தது. தொழில் இரண்டு குழுமங்களைச் சுற்றிச் சுழல்கிறது: இந்தா கியாட், ஜிவி கிமியா ஆலைகளைக் கொண்ட ஏஷியா பல்ப் அன்ட் பேப்பர், ரியாவின் கெரின்சியில் பெரும் ஆலை நடத்தும் ஏப்ரில் (APRIL).

முதலில் சொன்ன டொலர்க் கடன் முதல் குழுமத்தின் கழுத்தை நெரித்தது. 2001 மார்ச்சில் ஏறக்குறைய 14 பில்லியன் டொலர் கடனைக் கட்ட முடியாது என்று அது அறிவித்தது. வளர்ந்துவரும் நாடுகளில் ஒரு தனியார் நிறுவனம் அதுவரை செய்த மிகப் பெரிய தவணைத் தவறல் என்று அப்போது பேசப்பட்டது. ஆனால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. கடன் கொடுத்தவரின் நட்டம் ஏற்றுமதிப் புள்ளிவிபரத்தில் வராது. மலிந்து கிடந்த அந்தப் பணத்தில்தான் ஆலைகள் எழுந்தன என்பதையும் கோடு காட்டாது. என்னைக் கேட்டால், இந்தோனேசியாவின் ஏறுமுகத்தை 'செயல்திறன்' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்குபவர்கள் மறைக்கும் பக்கம் இது.

மற்றைய பக்கம் காடு. கரிநிலச் சதுப்புகளை வடித்து மரம் நட்டதும், காய்ந்த சதுப்பு தீப்பிடித்ததும், 2015இல் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிய புகையும் நினைவிருக்கும். எதிர்ப்பு வலுத்தபின் ஏஷியா பல்ப் அன்ட் பேப்பர் 2013 பெப்ரவரியிலும் ஏப்ரில் குழுமம் 2015இலும் இயற்கைக் காட்டை இனி வெட்டுவதில்லை என்று அறிவித்தன. அந்த வாக்கு எவ்வளவு காக்கப்படுகிறது என்பதில் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை.

இரண்டையும் ஒரே தராசில் வைத்தால்

இப்போது அந்த வரைபடத்துக்குத் திரும்பலாம். வாசிப்பவர் இடறும் இடங்கள் இவை.

1. *உயரமும் வேகமும் வேறு.* 2020ஐ ஒட்டி இந்தோனேசியாவின் அத்தியாயம் 48 ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பில்லியன் டொலர். பின்லாந்தின் ஏற்றுமதி, அத்தனை ஆலை மூடிய பிறகும், 7 பில்லியனைச் சுற்றி. யானை படுத்தாலும் குதிரை மட்டம். இரு நாடுகளையும் தொடக்க ஆண்டில் 100 என்று வைத்து வரையும் சுட்டெண் வரைபடத்தில் இந்த உயர வேறுபாடு மறைந்துவிடும். சிறிதாகத் தொடங்கிய நாடு எப்போதும் வானத்தை நோக்கிப் பாயும்.

2. *தொடக்க ஆண்டை யார் தேர்ந்தார்?* 2005இல் பின்லாந்தில் கடதாசித் தொழிலாளர் தகராறு முற்றி, மே, ஜூன் மாதங்களில் ஆறு வாரத்துக்கு மேல் ஆலைகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டு உற்பத்தி 12.4 மில்லியன் தொன். 2005இலிருந்து 2020க்குக் கணக்கிட்டால் வீழ்ச்சி 34 வீதம். 2007இலிருந்து கணக்கிட்டால் 43 வீதம். இரண்டும் சரியான எண்கள்தாம். அதேபோல் 2022இன் தொடக்கத்தில் யுபிஎம் ஆலைகளில் ஏறத்தாழ நான்கு மாத வேலைநிறுத்தம். அந்த ஆண்டோடு கோட்டை முடித்தால் சித்திரம் இன்னும் கறுக்கும்.

3. *நார் ஒன்றல்ல.* வடதுருவத்தை அண்டிய பைன், ஸ்புரூஸ் மரங்களின் நார் மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு நீளும்; அக்கேசியா நார் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. நீண்ட நார் கிழியாத பலம் தரும். குறுநார் சீரான, மறுபக்கம் தெரியாத எழுதுபரப்பைத் தரும். ஏ4 தாளுக்கு அக்கேசியா நன்றாகப் போதும். சுமை தாங்கும் பைக்குப் போதாது. ஆகவே இரண்டு நாடுகளும் ஒரே கடையில் ஒரே பொருளை விற்கும் போட்டியாளர்கள் என்ற எண்ணமே பாதி பிழை.

4. *நாட்டின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் வேறு.* யுபிஎம் சீனாவின் சாங்சு நகரில் தாள் செய்கிறது. உருகுவேயின் பிரே பெந்தோஸ் நகரில் யூகலிப்ரஸ் கூழ் செய்கிறது. இலாபம் ஹெல்சின்கிக்குப் போகும். ஏற்றுமதி சீனாவுக்கும் உருகுவேக்கும் எழுதப்படும். பின்லாந்தின் கோடு இறங்கும்போது பின்லாந்து நிறுவனங்களும் அதே அளவில் இறங்கின என்று கொள்ள முடியாது.

5. *விற்றவர் எழுதியதும் வாங்கியவர் எழுதியதும் பொருந்தாது.* ஏற்றுமதியைக் கப்பலேற்றும் துறைமுக விலையில் பதிவார்கள். இறக்குமதியைக் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துப் பதிவார்கள். 2021இல் கொள்கலன் கூலி பல மடங்கானபோது இந்த இடைவெளி விரிந்தது. போதாததற்குச் சிங்கப்பூர் வழியாகக் கைமாறும் சரக்கு எந்த நாட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதும் குழப்பம். கொழும்பில் கப்பல் மாற்றி இந்தியாவுக்குப் போகும் கொள்கலன் இலங்கையின் வணிகக் கணக்கில் சேராது. அது சரியான நடைமுறை. எல்லாத் துறைமுகத்துச் சரக்கும் அவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை.

6. *சீனா நடுவில் நிற்கிறது.* வகைபிரிக்காத கழிவுக் கடதாசியைச் சீனா 2018இல் தடுத்தது. 2021 முதல் திண்மக் கழிவு இறக்குமதியை முற்றாக நிறுத்தியது. அங்குள்ள பெட்டித் தொழிலுக்கு நார் பற்றாக்குறை. மேற்குலகக் கழிவு இந்தோனேசியா போன்ற நாடுகளுக்குத் திரும்பி, அங்கே பழுப்பு அட்டையாகிச் சீனாவுக்குப் போனது. இந்தோனேசியாவின் அண்மைய ஏற்றத்தில் ஒரு பகுதி இப்படி வந்தது. அதில் சுமாத்திரா மரமே இல்லை.

தீர்வைச் சண்டைகள்

ஒரு கோடு ஏறும்போது இறக்குமதி செய்யும் நாட்டின் ஆலைகள் சும்மா இருப்பதில்லை. 'பொருள் குவிப்பு' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். உள்நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைவாக வெளிநாட்டில் விற்பதே பொருள் குவிப்பு. அது நிரூபணமானால் இறக்குமதி நாடு மேலதிகத் தீர்வை விதிக்கலாம்.

தென்கொரியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என இந்தோனேசியத் தாள்மீது தீர்வை விதித்த நாடுகள் பல. அமெரிக்கா பூச்சுத் தாளுக்கு 2010இலும் பூச்சில்லாத் தாளுக்கு 2016இலும் விதித்தது. அவுஸ்திரேலியா 2017இல் ஏ4 தாளுக்கு விதித்தபோது அதன் வாதம் விசித்திரமானது: இந்தோனேசிய அரசு மரத்தை மலிவாகக் கொடுப்பதால் உள்நாட்டு விலையே 'உண்மையான' விலை இல்லை, ஆகவே அதை ஒப்பீட்டுக்கு எடுக்க மாட்டோம். இந்தோனேசியா உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போய் 2019 டிசெம்பரில் முக்கிய புள்ளிகளில் வென்றது.

இது ஒப்பீட்டுக்கு ஏன் முக்கியம்? பின்லாந்தின் பெரிய சந்தை ஐரோப்பிய ஒன்றியம். அங்கே அதன் தாளுக்குத் தீர்வை இல்லை. இந்தோனேசியா ஒரு கதவு மூடினால் வேறு கதவைத் தட்ட வேண்டும். அதன் கோடு மேடும் பள்ளமுமாக இருப்பதற்கு ஆலை மட்டும் பொறுப்பில்லை. இதற்கு மேல், காடழிப்பில்லாத மரம் என்று நிறுவச் சொல்லும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்தது. கூழும் கடதாசியும் அதற்குள் வரும். நடைமுறைத் திகதி தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும் அந்தச் சோதனை ரியாவுக்கே கடினமாக இருக்கும்.

கொழும்பில் இதன் பொருள் என்ன

இலங்கையும் ஒரு காலத்தில் கடதாசி செய்தது. 1950களில் எழுந்த வாழைச்சேனை ஆலை வைக்கோலைக் கூழாக்கியது. பிறகு எம்பிலிப்பிட்டியவிலும் ஓர் ஆலை வந்தது. வைக்கோலில் சிலிக்கா அதிகம். அவித்த இரசாயனத்தை மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்த அது விடாது. கழிவுநீரும் செலவும் கூடும். மரக் கூழ் ஆலைகள் அந்த இரசாயனத்தை மீட்டு, மீதியை எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் எடுக்கின்றன. ஆண்டுக்கு மில்லியன் தொன் கூழ் செய்யும் கெரின்சியோடும் கெமியோடும் விலையில் நிற்க எந்த வைக்கோல் ஆலைக்கும் முடியாது. வாழைச்சேனையின் சரிவுக்குப் போரும் நிர்வாகமும் காரணமானது உண்மை. அவை இல்லாதிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

ஆகவே நமக்கு விலை என்பது வெளியில் முடிவாகும் டொலர் விலையும் உள்ளே முடிவாகும் ரூபா விலையும் சேர்ந்தது. ஒரு தொன் ஏ4 தாள் 1,000 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தொன்னுக்கு 400 ரீம் என்றால் ரீம் இரண்டரை டொலர். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 500 ரூபா. 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே ரீம் 900 ரூபா. தீர்வை, வரி, கடைக்காரர் இலாபம் இன்னும் சேரவில்லை. சுமாத்திராவில் ஒரு சதமும் ஏறாமலே இங்கே எண்பது வீதம் ஏறியது. 2022இல் உலக விலையும் உச்சத்தில் இருந்ததால் அடி இரட்டையாக விழுந்தது. ஆனால் பரீட்சை நின்றதற்குக் காரணம் உலகில் தாள் இல்லாததல்ல. வாங்க நம்மிடம் டொலர் இல்லாதது.

இரண்டு கோடுகளும் இங்கே சந்திக்கும் இடங்களும் வேறு வேறு. தேயிலை ஏற்றுமதியாளர்கள் பழைய ஒட்டுப்பலகைப் பெட்டிகளை விட்டுப் பல அடுக்குக் கடதாசிப் பைகளுக்கு மாறிப் பல காலம் ஆகிறது. அந்தப் பைக்கு நீண்ட நார்க் கிராஃப்ட் வேண்டும். அது குளிர்நாட்டுச் சரக்கு. பின்லாந்தின் ஊலு நகரில் ஸ்டோரா என்சோ அச்சுத்தாள் இயந்திரத்தை நிறுத்தி, 2021இல் பெட்டியின் வெளித்தாள் செய்ய மாற்றியது. கொழும்பில் ஏற்றுமதிப் பெட்டி செய்கிறவருக்கு அது விற்பனையாளர் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டுகிறது. கொப்பி செய்கிறவரும் ரீம் விற்கிறவரும் பார்க்க வேண்டியது ரியாவையும் ஜாவாவையும். பத்திரிகை அச்சடிப்பவருக்கு இரண்டு கோடுகளாலும் பெரிய உதவியில்லை: பின்லாந்து அந்தத் தாளைச் செய்வதை கைப்பொலாவோடு விட்டுவிட்டது, மீதமிருக்கும் ஆலைகளும் உலகெங்கும் ஒவ்வொன்றாக அட்டைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.